சித்தியின் முதல் ஓட்டு

பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த சித்திக்கு அதுதான் முதல் ஓட்டு. கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையோடு புறப்பட்டவளைப் பார்த்து, "ஓட்டுப் போடப் போறியா, மறுபடியும் தாலி கட்டிக்கப் போறியா?" என்று சித்தப்பா கேட்டார். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. ஆகவே நான்தான் அவளை அழைத்துப்போகிறேன் என்று எனக்குப் பெருமை.

பள்ளிக்கூடத் தெருமுனையில் பெரியம்மாவும் அவளோடு உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களும் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மாவும் சித்தியும் கொஞ்ச நாளாகப் பேசிக்கொள்வதில்லை. இருவரும் வேறு வேறு கட்சி. சண்டையே அதில்தான் தொடங்கியது. அதனால் பெரியம்மா என்னிடம் சொல்வதுபோலச் சித்திக்குச் சொன்னாள்.

"ஓட்டர் கார்டு இல்லாதவங்கள உள்ள வுட மாட்டாங்களாம். ஸ்கூல் கேட்டாண்ட யாரோ ஒருத்தர் சொன்னாரு. எங்க கார்டெல்லாம்தான் மழைத் தண்ணியில போயிடுச்சே. நாங்க வேலைக்குப் போறோம்."

சித்தியிடம் அட்டை இருந்தது. நேராகப் போய் வரிசையில் நின்றிருக்கலாம். அவளோ, வாசலருகே வாக்காளர் பட்டியலோடு மேஜை போட்டு உட்கார்ந்திருந்த டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், ஓட்டர் கார்டு இல்லன்னா நெசமாவே போட முடியாதுங்களா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது? லிஸ்ட்டுல பேரு இருக்கணும். கார்டு இல்லன்னா ஆதாரு, போட்டோ ஒட்டுன பேங்க் பாஸ்புக்கு, நூறு நாள் வேலை அட்டை, ஏதாவது ஒண்ணு போதும். வெறும் பூத் சிலிப்ப மட்டும் எடுத்துட்டு வந்தா வுட மாட்டாங்க."

சித்தி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

உப்பளத்தில் வெயிலுக்குக் கண் கூசியது. பெண்கள் பாத்திகளில் இறங்கி உப்பை வாரத் தொடங்கியிருந்தார்கள். "ஆதார் இருந்தா போதுமாம், எல்லாரும் வாங்க!" என்று கத்தியபடியே குறுகிய வரப்பில் ஓடிய சித்தி, கால் வழுக்கிப் பாத்திக்குள் பொத்தென்று உட்கார்ந்தாள். மாம்பழ நிறப் பட்டு உப்புத் தண்ணீரில் விரிந்து மிதந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பேங்க் பாஸ்புக்கும் செல்லுமாம்!" என்றாள்.

வரப்பெல்லாம் சிரிப்பு. பெரியம்மாதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"நல்லா கேட்டுட்டுதான் வந்தியா?" என்று அவளிடமே நேராகக் கேட்டாள்.

"டீச்சர்கிட்டயே கேட்டேன்க்கா. வெறும் சிலிப்ப மட்டும் கொண்டாராதீங்க."

ஆளுக்கொரு திசையில் வீட்டுக்கு ஓடினார்கள். கால் கழுவக்கூட நேரமில்லாமல் சேற்றோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் மை வைத்த விரலை உயர்த்திக்கொண்டே வெளியே வந்தாள். சித்தி எல்லோருக்கும் கடைசியில் நின்றாள். காய்ந்துபோன பட்டில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நாங்க எல்லாம் எங்க சின்னத்துக்குத்தான் போட்டோம், தெரியுமில்ல?" என்று பெரியம்மா சீண்டினாள்.

"தெரியுமே!" என்று சித்தி சிரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் முந்தானையை இழுத்து, "நீ கூப்புடாம இருந்திருந்தா உன் கட்சிக்கு நல்லதுதானே சித்தி?" என்று கேட்டேன்.

"போடி!" என்று மை வைத்த விரலால் என் மூக்கைத் தட்டிவிட்டு நடந்தாள்.

சித்திக்குக் கணக்கே வராது போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது. கோடை லீவு முடிவதற்குள் அவளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.