வீட்டுக்கு ஆறு புள்ளி நாலு பேர்

வாஞ்சிநாதனை விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது நொந்துகொண்டிருக்கிறார்கள். தட்டில் புளியோதரையைக் கோபுரமாகக் குவித்துக்கொண்டு, பக்கத்தில் யார் அகப்பட்டாலும் உலக ஜனத்தொகை ஐந்நூறு கோடியைத் தொடப்போகிறது என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை குழந்தை பிறக்கிறது, இரண்டாயிரமாவது வருஷத்தில் தலைக்கு எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று அடுக்குவார். இரண்டு பிள்ளை பெற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ரசம் குடிப்பார்கள். மூன்று பெற்ற பாலசுப்ரமணியன் தம்பதி, அவர் வருகிற வீடு என்று தெரிந்தாலே வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவார்கள்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் அவருக்குப் புள்ளிவிவர வேலை. மருந்து கொடுத்த எலிகளில் எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன என்று கணக்குப் போடுவார். எலிகள்மேல் அவருக்குப் புகார் இல்லை, மனிதர்கள்தான் அதிகம். திருவல்லிக்கேணியில் ஏழு குடித்தனத்துக்கு ஒரே குழாய் என்று வளர்ந்த மனுஷர், கூட்டத்தைக் கண்டால் எரிச்சல் வருவது நியாயம்தான் என்று அவர் மனைவி ஷ்யாமளா கல்யாணமான புதிதில் நினைத்தாள். கூட்டம் என்று அவர் சொல்வது தன்னைத் தவிர மற்ற எல்லாரையும் என்று புரிய அவளுக்குப் பத்து வருஷம் ஆயிற்று. ஒரே பெண்ணோடு போதும் என்றதும் அவர் முடிவுதான். ஆபரேஷன் செய்துகொண்டு வந்த பிறகு அவளிடம் சொன்னார்.

எண்பத்து மூன்றில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ தூரத்தில் புது வீடு வாங்கினார்கள். அரை ஏக்கர் நிலம், நாலு பெட்ரூம், மூன்று பேர். பின்பக்கம் கண்ணுக்கெட்டிய வரை சோளக்கொல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளரோடு பின்னால் போய் நின்று, யாருமே இல்லாத அந்தக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பக்தி என்று எதையாவது சொல்லவேண்டுமென்றால் அதைத்தான் சொல்லவேண்டும்.

எண்பத்தாறு வசந்தத்தில் அந்தக் கொல்லையில் நூற்றிருபது டவுன்ஹவுஸ் வரப்போவதாக நோட்டீஸ் வந்தது. சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். அதில் இருபத்து நாலு வீடு, சம்பளம் குறைவானவர்களுக்குக் குறைந்த விலையில். வாஞ்சிநாதனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஷ்யாமளாவுக்கு அந்த நோட்டீஸ் வேறு மாதிரி பட்டது. அவள் தம்பி பசுபதி, அவள் ஸ்பான்சர் பண்ணி இரண்டு வருஷம் முன்னால் வந்தவன், ஜெர்சி சிட்டியில் ஒரு வரைபடக் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்டில் அவன், மனைவி, இரண்டு குழந்தைகள். கீழே மீன் கடை, மேலே யாரோ டிரம்ஸ் பழகுகிறவன். அந்த இருபத்து நாலில் ஒன்று கிடைத்தால் தம்பி நடந்து வருகிற தூரத்தில் இருப்பான். இந்தத் தேசத்தில் அவளுக்கென்று ஒரு மனுஷர் பக்கத்தில் இருப்பார். அவனுக்கான விண்ணப்பத்தை அவளே பூர்த்தி செய்து அனுப்பினாள்.

எதிர்ப்புக்கு ஆள் திரட்டியவர் சாலைக்கு அந்தப்புறம் பழைய வீட்டில் இருந்த கெஸ்லர். மூன்று வருஷமாக வாஞ்சிநாதனைப் பார்த்துத் தலையை ஆட்டியதோடு சரி. இப்போது வீடு தேடி வந்து, நீங்கள் புள்ளிவிவர நிபுணராமே, எங்களுக்கு ஓர் அறிக்கை எழுதித் தருவீர்களா என்று கேட்டார். போகும்போது தோளில் தட்டி ‘வான்ச்’ என்று கூப்பிட்டார். அவ்வளவுதான், மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு டவுன்ஹவுஸில் எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று கணக்கு வேண்டியிருந்தது. தமிழ்ச் சங்க டைரக்டரியை எடுத்துவைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதத்தில் நாற்பது வீட்டுக்கு போன் போட்டார். எதற்கு என்று சொல்லாமல் “உங்காத்துல எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டார். சங்கத்து ஆசாமி போன் பண்ணித் தலையை எண்ணினால் யாருக்கும் என்ன தோன்றும்? தீபாவளி விழாச் சாப்பாட்டுக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இலை குறைந்துவிடக் கூடாதே என்று, விசிட்டர் விசாவில் வந்திருந்த அப்பா அம்மா, மாமனார் மாமியார், காலேஜில் படிக்கிற அத்தை பிள்ளை, வேலை கிடைக்கும்வரை பேஸ்மென்டில் படுத்திருக்கிற சிநேகிதன், அத்தனை பேரையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒரு மகராசி, வயிற்றில் இருந்ததையும் சேர்த்தாள். சராசரி வீட்டுக்கு ஆறு புள்ளி நாலு பேர் என்று வந்தது.

“பெரியவாள்லாம் அக்டோபர்ல ஊருக்குத் திரும்பிப் போயிடுவாளே. அவாளையும் சேத்து எண்ணியிருக்கேளே,” என்றாள் ஷ்யாமளா.

“டேட்டா டேட்டாதான்,” என்றார்.

டவுன்ஹவுஸுக்கு அனுமதி தருவதா என்று முடிவு செய்யும் ஊர்த் திட்டக் குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். “ஏன்னா, பசுபதி அதுல ஒண்ணுக்கு அப்ளை பண்ணியிருக்கான். லிஸ்ட்ல பேர் வந்துடுத்து. நாளைக்கு நீங்க பேசாம இருந்தாப் போறும்.”

“ஃபார்மை யார் ஃபில் பண்ணினா?”

“நான்தான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதுல சொந்தம் பந்தம்லாம் பாக்கப்படாது, ஷ்யாமளா. இன்னிக்கு பசுபதி, நாளைக்கு அவன் மச்சினன். இந்த ஊரும் ஜெர்சி சிட்டி ஆயிடும். அப்புறம் குவாலிட்டி ஆஃப் லைஃப் எங்கேர்ந்து வரும்?”

“அது அவனுக்கும் வேணுமே. ஒரே ரூம்ல நாலு பேர் படுத்துண்டிருக்கா.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்று அறிக்கையின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

என்ன குறித்தார் என்று மறுநாள் பள்ளிக்கூட காஃபிடீரியாவில் தெரிந்தது. இருநூறு பேர் முன்னால் கோட்டும் டையுமாக நின்று அறிக்கையின் ஆறு பக்கத்தையும் வாசித்தார். ஆறு புள்ளி நாலு என்றதும் சபை மூச்சை உள்ளே இழுத்தது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று திட்டக் குழுத் தலைவர் கேட்டார். என் சொந்த சமூகத்திலிருந்தே திரட்டினேன் ஐயா என்றார் பெருமையாக. பிறகு, ஜெர்சி சிட்டியில் ஒரே படுக்கையறையில் நாலு பேர் படுத்துறங்கும் குடும்பத்தை எனக்கு நேரில் தெரியும், இங்கே வரக் காத்திருப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான் என்றார். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஷ்யாமளா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போன மாதம் அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து பசுபதி மனைவி கையால் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்த மனுஷர் இவர். அவரை அவள் வெறுத்தாள். கோபம் என்று சொல்லிக்கொண்டால் மனசுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும், ஆனால் வெறுப்புதான்.

நூற்றிருபது எழுபத்திரண்டாகக் குறைந்தது. விலை குறைந்த அந்த இருபத்து நாலும் இந்த ஊருக்கு வேண்டாம், வேறெங்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஜெயித்ததைக் கொண்டாட அந்த சனிக்கிழமை கெஸ்லர் வீட்டுத் தோட்டத்தில் விருந்து. மாமிசப் புகைக்கு நடுவே வாஞ்சிநாதன் உருளைக்கிழங்கு சிப்ஸோடு மாப்பிள்ளை மாதிரி நின்றார். கெஸ்லர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, மனசில் கள்ளமில்லாமல் சொன்னார்: “உங்கள் தெருவைக் கட்ட வந்தபோதும் நாங்கள் இப்படித்தான் சண்டை போட்டோம், வான்ச். இரண்டே ஓட்டில் தோற்றுப்போனோம். அப்போது உங்களைப்போல ஒருவர் எங்கள் பக்கம் இருந்திருந்தால் கட்டாயம் ஜெயித்திருப்போம்.”

எல்லாரும் சிரித்தார்கள். வாஞ்சிநாதன் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். அவருக்கு அது பாராட்டாகவே பட்டது. ஷ்யாமளா கையிலிருந்த காகிதத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சாலையைக் கடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பசுபதி போன் பண்ணினான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் அத்திம்பேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“பரவால்லேக்கா. ஹூஸ்டன்ல ஒரு ஃப்ரெண்ட் வேலை பாத்து வெச்சிருக்கான். ஆயில் விலை விழுந்ததுலேர்ந்து அங்கே வீடெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போறதாம். மாசக் கடைசில கிளம்பறோம்.”

“ஹூஸ்டன் எவ்வளவு தூரம்டா?”

“ஃப்ளைட்ல நாலு மணி நேரம்.”

அவள் மாடிக்குப் போனாள். வாஞ்சிநாதன் படுக்கையில் சாய்ந்து, தன் பெயர் வந்திருந்த உள்ளூர்ப் பத்திரிகையை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“பசுபதி ஹூஸ்டனுக்குப் போறான்,” என்றாள்.

“நல்ல முடிவு,” என்றார் பத்திரிகையை இறக்காமல். “டெக்ஸாஸ் பெரிய ஸ்டேட். டென்சிட்டி கம்மி.”

ஷ்யாமளா அலமாரியைத் திறந்தாள். புடவைகளை ஹாங்கரோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, தாழ்வாரத்துக் கோடியில் யாரும் படுக்காத பெட்ரூமுக்குப் போனாள். திரும்பி வந்து, தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் யூனிஃபாரத்தையும் செருப்பையும் எடுத்தாள். மூன்றாவது நடையில்தான் அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“என்ன பண்றே?”

“இந்த ரூம்ல ரெண்டு பேர் இருக்கோம். டென்சிட்டி ஜாஸ்தி.”

அவர் வாசற்படியில் மறித்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கையிலும் தலையணையும் போர்வையும் இருந்தன.

“கொஞ்சம் வழி விடுங்கோ,” என்றாள்.