பொதுவில் நின்ற ஒரு பெயர்

நான் வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். என் மனைவி எனக்குத் தாய்மாமன் மகள். கூட்டம், அதாவது குலம், வேறு என்றால் ரத்தமும் வேறு என்றுதான் இங்கே நினைப்போம்.

எங்களுக்கு ஒரு மகள். அவளுக்குப் பின் ஒரு மகன். அவன் எழுந்து நிற்கவே இல்லை. தசை கரையும் நோய். ஏழு வயதில் போய்விட்டான்.

மகள் கோயம்புத்தூரில் ஜீன் பற்றிய படிப்பு படித்தாள். அவளுக்கும் என் மைத்துனர் மகனுக்கும் கல்யாணம் என்று பேச்சு. இருவருக்கும் இஷ்டம்தான். நாள் குறிக்கும் முன் இருவரும் ரத்தம் சோதிக்க வேண்டும் என்று அவளே சொன்னாள்.

ரிசல்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் மகனும் வந்திருந்தான். மகள் கட்டிலில் லேப்டாப்பை வைத்தாள்.

“என்ன சாமி பண்ணப் போற?” என்றேன்.

“எங்கிட்ட பழுதா இருக்கற ஜீன் பேரெல்லாம் ஒரு கூடைங்கப்பா. மச்சானுது ஒரு கூடை. ரெண்டுலயும் இருக்கறத மட்டும் எடுன்னா எடுத்துக் காட்டும். ஒரே ஜீன் ரெண்டு பேர்த்துக்கும் பழுதுன்னா கொழந்தைக்கு நோவு வரலாம்.”

அவன் சிரித்தான். “ஜோசியரு பத்துக்கு ஒம்பது பொருந்துதுன்னாருங்க மாமா. இவ ஒண்ணுகூடப் பொருந்தக் கூடாதுங்கறா.”

“கம்முனு இருங்க,” என்று ஒரு வரி தட்டினாள்.

ஒரே ஒரு பெயர் வந்தது. இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதன் உருவம் தெரியும். மகனுடைய ரிப்போர்ட்டில் டாக்டர் பேனாவால் வட்டம் போட்டது அதைத்தான்.

அது தம்பிக்கு வந்த நோய்தான் என்று மகள் அவனிடம் சொன்னாள்.

“நாலுல ஒண்ணுக்குத்தான வரும்?” என்றான்.

“தம்பியும் அந்த ஒண்ணுதான்.”

“வயித்துல இருக்கறப்பவே பாத்துக்கலாமாமே.”

“பாத்துட்டு?”

அவன் என் பக்கம் திரும்பினான். “நீங்க சொல்லுங்க மாமா.”

மகனை ஏழு வருஷமும் கக்கூசுக்குத் தூக்கிப் போனவன் நான். “அவ சொல்றதுதாஞ் சாமி,” என்றேன்.

அவள் கல்யாணம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மனைவி அடுப்படியில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு இலை போட்டாள். குனிந்தபடி சாப்பிட்டான். மோர்கூட வாங்கிக்கொண்டான். “வாரேனுங்க மாமா,” என்று கிளம்பினான். மகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் மகள் அதே வரியை மறுபடி தட்டினாள். நானும் போய் நின்று பார்த்தேன். அதே பெயர்தான்.