அக்காவுக்கு எடுத்த விமானச் சீட்டு

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அதனால், கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து அக்கா மலேசியாவில் இருந்த அத்தானிடம் போக வேண்டி வந்தபோது, சீட்டு எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மில்லில் வேலை பார்த்த அப்பா, பணத்தை என்னிடம் கொடுத்து, "நீ படிச்சவ. நாலு எடத்துல விசாரிச்சு எடு" என்றார். தலை நிமிர்ந்துதான் வாங்கிக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு டிராவல்ஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒன்று, எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் போன் போட்டுக் கேட்ட மதுரை ஏஜெண்ட் ஒருவர். மூன்றையும் நோட்டில் கோடு போட்டு எழுதினேன். சென்னையிலிருந்து நேராகப் போனால் என்ன விலை, திருச்சியில் ஏறிக் கொழும்பில் மாறினால் என்ன விலை, எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், எத்தனை கிலோ பெட்டி. எழுத்துக் கூட்டவும் தெரியாத அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மேனேஜரம்மா, எனக்குச் சன்னலோரம் உண்டா? சிவகாசி பஸ்ஸுலயே வாந்தி எடுக்கிறவ நான்."

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்தான் அதைக் கேட்டார். "போறதுக்கு மட்டுமாம்மா? வாரதுக்கும் சேத்து எடுத்தா கொஞ்சந்தான் கூட. ஒரு வருசம் செல்லும்."

வீட்டில் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"வாழப் போற பிள்ளைக்குத் திரும்பி வார சீட்டு எவளாச்சும் எடுப்பாளாட்டி? எம்புட்டுப் படிச்சு என்ன?"

சாயங்காலம் துணி மடிக்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள்: "அம்மாவுக்குத் தெரியாம எடுக்க ஏலாதா?"

எடுத்திருக்கலாம். ஆனால், நாலு இடம் விசாரித்து மிச்சம் பிடித்த மகள் என்று அப்பா மில்லில் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு. "அத்தான் இருக்காகள்ல, அவிய கூட்டிட்டு வருவாக" என்றேன். கொழும்பு வழியாக, போவதற்கு மட்டும் எடுத்தேன்.

ஐந்தாறு மாதத்தில், அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று தகவல் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அம்மா அன்றே பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து வைக்க ஆரம்பித்தாள். எப்படி வருவாள் என்று யாரும் பேசவில்லை. அந்த ஒரு வருடச் சீட்டு கையில் இருந்திருந்தால் ஏழாம் மாதம் வந்து இறங்கியிருப்பாள்.

சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த அத்தான், "அடுத்த மாசம் அவள அனுப்புதேன்" என்று போனில் சொன்னார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். அக்காவுக்கு எட்டு மாதம் முடிந்தபோது அப்பா கடன் வாங்கி வந்து என்னிடம் நீட்டினார். பழைய மூன்று இடங்களிலும் கேட்டேன். இந்த நிலைமையில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று மூவரும் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை.

பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் போனுக்கு அக்கா கூப்பிட்டாள். அம்மாதான் முதலில் எடுத்தாள். ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டாள். பிள்ளை யார் சாயல் என்று கேட்டேன்.

"அதச் சொல்ல நம்ம ஆளு ஒருத்தர்கூட இங்க இல்லியேட்டி" என்றாள். அழவில்லை.

அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொல்லுதா? என்னட்டி சொல்லுதா?"

"லைன் சரியாக் கேக்கலம்மா" என்றேன்.