முடிவு பார்க்காத பூசாரி

எங்கள் மேலகரம் அம்மன் கோயில் பூசாரி, தென்காசி தியேட்டரில் மதியக் காட்சிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் கோயில் சாவி. திரையில் விளம்பரம்: நகைக்கடை, குற்றாலத்து ரிசார்ட், வீட்டுமனை, மறுபடியும் நகைக்கடை.

"படம் போடுதானா, யாவாரம் பண்ணுதானா? அஞ்சு மணிக்கு நடை தொறக்கணும் அண்ணாச்சி" என்று முனகினார்.

கதாநாயகியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, மனமில்லாமல் எழுந்து போனார். விளம்பரத்திலேயே மரத்துப்போன எனக்கு, அவள் செத்தபோதுகூட ஒன்றும் தோன்றவில்லை.

அப்படியே கோயிலுக்குப் போனேன். திருநீறு தரும்போது மெல்லக் கேட்டார்: "அந்தப் புள்ள பொழச்சிட்டாளா?"

"செத்துட்டா சாமி."

கை அப்படியே நின்றது. பிறகு உள்ளே போய், படத்தில் அவளுக்கிருந்த பெயரைச் சொல்லி அம்மன் காலடியில் ஒரு பூவைப் போட்டார். எனக்கும் அப்போதுதான் அவள் செத்தது உறைத்தது.