இரண்டு வீட்டு ஃப்யூஸ் கட்டை

மணிமேகலை டீச்சர் பத்தாம் வகுப்புக்கு ஐ.நா. சபை பாடம் எடுத்தால், பக்கத்து அறையில் என் கணக்கு வகுப்பு படுத்துவிடும். அத்தனை பிள்ளைகளும் அவர் பேச்சுக்குத்தான் காது கொடுப்பார்கள்.

"சண்டை ஓஞ்ச பிறகா உட்கார்ந்தாங்க? 1945 ஏப்ரல்ல ஒரு பக்கம் குண்டு விழுந்துட்டே இருக்கு, இன்னொரு பக்கம் சான் ஃபிரான்சிஸ்கோவுல நாடுங்க கூடிப் பேசுது."

அவர் வீட்டுச் சண்டையும் ஓயவில்லை. நாகரசம்பட்டியில் கணவர் மணிவேலுக்கும், மணிவேலின் அண்ணன் வெங்கடப்பனுக்கும் வரப்புத் தகராறு, கோர்ட்டில் கேஸ். இரண்டு மாந்தோப்புக்கும் ஒரே கிணறு. கோபம் வந்தவர் மோட்டார் பெட்டியிலிருந்து ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். மாம்பிஞ்சுகள் காய்ந்து உதிர்ந்தன.

"கேஸ் முடியட்டும், பேசலாம்" என்றார் மணிவேல்.

"அதுக்குள்ள மரம் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் நேரே வெங்கடப்பன் வீட்டுக்கே போனார். பெட்டியிலுள்ள கட்டைகளில் ஒன்று அவரிடமும் ஒன்று இவர்களிடமும் இருக்கட்டும் என்றார். தண்ணீர் பாய்ச்சுவது யார் முறையானாலும் இருவரும் வந்து மாட்டினால்தான் மோட்டார் ஓடும். அவரும் சரியென்றார்.

"சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறீர்கள்" என்றேன் நான்.

"வேண்டாம்னு தடுக்கிற வீட்டோ அதிகாரம் இருந்ததாலதான் சார் பெரிய நாடுங்க அன்னிக்கு ஐ.நா.வுக்கு வந்துச்சு" என்றார்.

சில முறை ஒழுங்காக நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்கள் முறை. நானும் தோப்புக்குப் போயிருந்தேன். வெங்கடப்பன் வரவில்லை. வெயில் ஏறியது. மணிவேல் பொறுமை இழந்து, கட்டை இல்லாத இடத்தில் மாட்ட ஒயரை எடுத்துவந்தார். டீச்சர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு அவரு இல்லாம ஓட்டினா, இனிமே அவரு வரவே மாட்டாரு."

"உன் பாடப்புத்தகமா மரத்துக்குத் தண்ணி ஊத்தும்?"

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒயரை விடவில்லை. எனக்கு மரத்தைப் பார்த்தும் பாவமாக இருந்தது, அவரைப் பார்த்தும் பாவமாக இருந்தது.

மதியம் வெங்கடப்பன் வந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் மோட்டார் பெட்டியைத் திறந்து உள்ளே உற்றுப் பார்த்தார்.

"ஒயர் போட்டு ஓட்டியிருக்கீங்களான்னு பாக்கத்தாம்மா வந்தேன்."

"உங்களை விட்டுட்டு ஓட்டுவமா மாமா?"

அவர் மடியிலிருந்த கட்டையை எடுத்து மாட்டினார். மணிவேல் தன்னுடையதை மாட்டினார். தண்ணீர் பாய்ந்தது.

"கேஸ வாபஸ் வாங்கமாட்டேன்மா."

"வேணாம் மாமா. கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும், தண்ணி இது பாட்டுக்கு ஓடட்டும்."

வெங்கடப்பன் மண்வெட்டியை எடுத்துப் போய், தம்பி மரங்களுக்கு மடை திறந்துவிட்டார்.