தலையாட்டாத வெல்டர்

கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தாறு வருஷம் வெல்டராக இருந்தவர், ஒரு கப்பலில் பயணியாக ஏறியது அறுபத்தோராவது வயதில்தான். ஏறிய உடனேயே படிக்கட்டுக் கைப்பிடியின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "இதைப் பத்த வச்சவன் அவசரக்காரன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இங்கேயும் வேலையா?" என்று அவருடைய மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இருபத்தெட்டு நாள் பயணம். மகள் பதிவு செய்து கொடுத்து, இரண்டு பெட்டிகளையும் அவளே அடுக்கி அனுப்பியிருந்தாள்.

மனைவி ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கால அட்டவணை இல்லாவிட்டால் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்காது. அந்தக் கப்பலோ அவருக்கென்றே செய்ததுபோல் இருந்தது. தினமும் சாயங்காலம் அறைக் கதவுக்கு அடியில் மறுநாள் நிகழ்ச்சித் தாளைச் செருகிவிட்டுப் போவார்கள். ஓவியம், களிமண் வேலை, குழுப்பாட்டு, துண்டை மடித்து யானை செய்வது வரைக்கும் வகுப்புகள். அவர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து வேண்டியதற்கெல்லாம் வட்டம் போடுவார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இரண்டு வட்டம் போட்டிருந்தார். மதியம் மூன்று மணி, ஜோடி நடனம்.

"இதுக்கு நீங்களும் வரணும்."

"நானா? எனக்கெதுக்கு அதெல்லாம்?"

"ஜோடின்னா ரெண்டு பேர் வேணும். கல்யாண வீடு, பொண்ணோட ஸ்கூல் மீட்டிங், ஆஸ்பத்திரின்னு முப்பத்துநாலு வருஷமா எங்கேயும் நான் தனியாத்தான் போயிருக்கேன். கேட்டா ஷிஃப்டும்பீங்க. இப்ப எந்த ஷிஃப்டு?"

வெல்டர் எழுந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

நடனம் சொல்லிக்கொடுத்தது ஒரு இளம்பெண். பயணத்தின் கடைசி நாளன்று வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் பெரிய கூடத்தில் மற்ற பயணிகளுக்கு முன்னால் ஆட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மனைவியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை வெல்டர் பார்த்தார். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

முடிவு கட்டுவது சுலபம். கழுத்து கேட்க வேண்டுமே.

வெல்டிங் வேலையில் ஒரு கை கம்பியையும் மறு கை இரும்பையும் பிடித்திருக்கும்போது முகமூடியை இறக்கக் கை கிடைக்காது. நெற்றிக்கு மேலே தூக்கி வைத்த முகமூடியை, தலையை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டித்தான் முகத்தில் விழவைப்பார்கள். அடுத்த நொடி பொறி பறக்கும். நாளைக்கு இருநூறு முறை வீதம் முப்பத்தாறு வருஷம் அந்தக் கழுத்து அப்படி வெட்டியிருக்கிறது. கையை நீட்டி, மூச்சைப் பிடித்து, வேலை தொடங்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்தால் போதும், தலை தானாக இறங்கிவிடும். இங்கே முகமூடி கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் மனைவியின் நெற்றி இருந்தது.

பாட்டு தொடங்கியது. 'ணங்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

"அய்யோ!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். டீச்சர் ஓடிப்போய் ஐஸ் கட்டி கொண்டுவந்தாள். மறுநாளும் அதே ணங். மூன்றாம் நாள் அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடியின் கால் வளைந்துவிட்டது.

"வேணும்னேவா செய்யறேன்? தானா வருதும்மா."

"தானா வர்றதுக்கு என் தலைதான் கிடைச்சுதா? போதும் சாமி, நான் வேற யார்கூடவாவது ஆடிக்கறேன்."

வேறு யார் என்று டீச்சர் அதிகம் தேடவில்லை. வகுப்பில் ஒரு சலூன்காரர் இருந்தார். அவருடைய மனைவி சீட்டு மேஜையை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்பதால் அவருக்கும் ஜோடி இல்லை. ஆயுசு முழுக்க அடுத்தவர் தலையை நோகாமல் திருப்பிப் பழகிய கை. அந்த அம்மாளைப் பூப்போலச் சுற்றிவிட்டார். ஒரு வாரத்தில் அந்த ஜோடிக்கு முன்வரிசையில் நடு இடம் கிடைத்துவிட்டது. வெல்டர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் நல்ல மனுஷன், அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. கடைசி நாளும் தன் மனைவி கூட்டத்துக்கு நடுவே போய் நிற்பாள், தான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை என்ற நினைப்புத்தான் அவரை அரித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஏழாம் தளத்தில் உயிர்காக்கும் படகுகளுக்குப் பின்னால் இருந்த இடத்தில் போய் நின்றார். காகிதக் கோப்பையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றித் தலையில் வைத்துக்கொண்டார். கையை நீட்டினார். செல்போனில் பாட்டைப் போட்டார். தலை வெட்டியது, தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. மறுபடி ஊற்றினார். முதல் நாள் நாற்பத்தொரு கோப்பை விழுந்தது. கப்பல் ஆட்டத்தைச் சாக்குச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் முப்பத்தெட்டு. வெட்டுற கழுத்தை நிறுத்தாம விடறதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

நான்காம் நாள் இரண்டு பாட்டிமார்கள் அந்தப் பக்கம் நடக்க வந்தார்கள். சற்று நேரம் பார்த்தார்கள்.

"இது என்ன வகுப்புங்க? நிமிர்ந்து நிக்கறதுக்கா?"

வெல்டர் பேச வாயைத் திறந்தால் கோப்பை விழுந்துவிடும். பேசாமல் நின்றார். பேசாத வாத்தியார்மேல் யாருக்குத்தான் மரியாதை வராது? அவர்களும் ஆளுக்கொரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். மறுநாள் ஐந்து பேர். ஒன்பதாம் நாள் பதினான்கு பேர். முதுகுவலி குறைந்ததாக ஒருவர் சத்தியமே செய்தார். வெல்டர் யாரையும் கூப்பிடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. அவருடைய கவலை அவருக்கு. அன்றைக்கு அவருடைய கோப்பை இரண்டே முறைதான் விழுந்தது.

அன்று மாலை வந்த நிகழ்ச்சித் தாளில், அவருக்குத் தெரியாமலேயே ஒரு புது வரி ஏறிவிட்டது. 'தலையில் கோப்பை வைத்து நிமிர்ந்து நிற்கும் பயிற்சி, ஏழாம் தளம், காலை ஏழு.' மனைவி அதற்கும் வட்டம் போட்டார். கணவர் காலையில் நடக்கப் போகிறார் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அங்கே போனவர் அப்படியே நின்றுவிட்டார். பதினெட்டுப் பேர் தலையில் கோப்பையோடு நிற்க, எல்லோருக்கும் முன்னால் அவருடைய வீட்டுக்காரர், காற்றில் யாரையோ பிடித்திருப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பாட்டு தொடங்கியது. கோப்பை அசையவில்லை.

"ஏங்க... இதெல்லாம் என்னங்க?"

வெல்டர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். "உன் நெத்தியில இனிமே இடிக்கக் கூடாதுல்ல."

அந்த அம்மாள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லி என்ன பண்றது? நின்னு காட்டணும்ல."

மனைவி அங்கேயே எதிரில் வந்து நின்றார். கையைப் பிடித்தார். இரண்டு நெற்றிக்கும் நடுவே நாலு விரல்கூட இடைவெளி இல்லை. பாட்டு தொடங்கியது. தலை அசையாமல் நின்றது. பாட்டிமார்கள் கை தட்டினார்கள், ஏழெட்டுக் கோப்பைகள் விழுந்தன.

"சரி, இப்ப இடது காலை வைங்க" என்றார் மனைவி.

வெல்டர் விழித்தார். "காலா?"

இத்தனை நாளும் தலைக்கு மட்டுமே பாடம் நடத்தியிருந்தார். ஓர் அடிகூடத் தெரியாது.

கடைசி நாளுக்கு ஆறு நாள்தான் இருந்தது. டீச்சர் தயங்கினாள். "அம்மா, நீங்க இப்ப முன்வரிசை. ஐயாகூட நின்னா பின்னாடி ஓரத்துலதான் நிக்கணும்."

"நிக்கறேன்" என்றார் மனைவி. சலூன்காரர் ஒன்றும் வருத்தப்படவில்லை, சீட்டு மேஜைக்கே போய்த் தன் மனைவியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆறு நாளும் சாப்பிட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் கால்தான். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஆடினார்கள். வெல்டர் அடிகளை விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்தார். மொத்தம் தொண்ணூற்றாறு அடி. எண்பது வரைக்கும் பிசகாமல் வந்துவிட்டார். அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் குழம்பியது.

கடைசி நாள் கூடம் நிறைந்திருந்தது. தொடக்கம் பிரமாதமாக வந்தது. தலை ஆடவில்லை, கால் ஆடியது. ஐம்பதைத் தாண்டினார்கள், அறுபதைத் தாண்டினார்கள். எழுபத்தொன்றில் பக்கத்து ஜோடி மேலே வந்து உரச, வெல்டருக்கு எண்ணிக்கை போய்விட்டது. எல்லோரும் ஒரு பக்கம் திரும்ப, இவர் மட்டும் நட்டுவைத்த கம்பமாக நின்றார். பார்ப்பவர்களின் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"வாங்க, ஓரமா போயிடலாம்" என்று மனைவி மெதுவாகச் சொன்னார்.

"முடியாது. எதுல விட்டோம்?"

"எழுபத்தொண்ணு."

அங்கிருந்தே தொடங்கினார். அவர்கள் எண்பதுக்கு வரும்போது பாட்டு நின்றுவிட்டது. மற்ற ஜோடிகள் குனிந்து வணக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டன. வெல்டர் கையை விடவில்லை. எண்பத்தொன்று என்று சத்தமாகச் சொல்லிக் காலை எடுத்து வைத்தார்.

"பாட்டு முடிஞ்சிருச்சுங்க. எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ தனியா வரலேன்னு எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

மனைவியும் காலை எடுத்து வைத்தார். அடுத்த எண்ணை அவரே சொன்னார். பாட்டில்லாத கூடத்தில், அவ்வளவு பேருக்கும் முன்னால், மிச்சமிருந்த பதினான்கு அடியையும் இரண்டு பேரும் மாறி மாறி எண்ணி ஆடி முடித்தார்கள்.