வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்

குடிக்காத புருசனைக் கட்டிக்கொண்டவள் அவனைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. மீறிப் பார்த்தால்தான் தெரியும். மாரக்காள் ஒரே ஒரு தடவை மீறிப் பார்த்தாள். அண்ணன் கைலாசத்தின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, வீட்டில் நடப்பதில் பாதியைச் சொன்னாள்.

“குடிக்கறாரா அம்முணி?” என்று கேட்டார் கைலாசம்.

“இல்லீங்கண்ணா.”

“சீட்டாடறாரா?”

“இல்லீங்க.”

“வேற எங்காச்சும் தொடுப்பு கிடுப்பு?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்கண்ணா.”

“அப்பறம் என்ன அம்முணி?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வழக்கு முடிந்தது. மீதிப் பாதியை மாரக்காள் அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்தாள்.

அவர்கள் ஊர் ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு நடக்கிற தூரம். அங்கே அவள் புருசன் சண்முகவேலுக்கு ‘மிலிட்டரி ஐயா’ என்று பெயர். கார்கில் சண்டையில் பீரங்கிப் படையில் இருந்தவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சட்டை மடிப்பு கலைந்து அவரை யாரும் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் வரிசை கோணிக்கொண்டால் அவர் போய்ச் சும்மா நின்றாலே போதும், தானாக நேராகிவிடும். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதல் ஆளாகப் பஸ் ஏறுவார். பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லாருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். எருமை குறுக்கே வந்து நின்றால்கூட “கொஞ்சம் தள்ளிக்கங்க” என்பார் என்று ஊருக்குள் கேலி உண்டு.

அந்த ‘ங்க’வைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

உள்ளே சட்டமே வேறு. டீ அஞ்சரைக்கு வர வேண்டும், இரண்டு நிமிசம் தாண்டக் கூடாது. தம்ளர் வைக்கிற இடம், துண்டு தொங்குகிற ஆணி, கதவு சாத்துகிற சத்தம், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு வாசலுக்குப் பறக்கும். அதற்கப்புறம் பேச்சு நின்றுபோகும். நின்றால் நாற்பது நாள் நிற்கும். சந்து முனையில் அவர் டிவிஎஸ் சத்தம் கேட்டதுமே மகள் நர்மதா டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்வாள். எந்தப் புத்தகம் என்பது முக்கியமில்லை.

அவர் சர்வீசில் இருந்த காலத்தில் இதெல்லாம் தெரியவில்லை. வருசத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார், அக்ரூட் பருப்பும் கம்பளியும் கொண்டு வருவார், கறி எடுத்துச் சமைப்பதற்குள் லீவு முடிந்துவிடும். ஒரு மாதத்துக்கு யார் வேண்டுமானாலும் நல்லவராக இருந்துவிடலாம். 2010இல் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய பிறகுதான் மாரக்காளுக்குக் கல்யாண வாழ்க்கையே ஆரம்பித்தது.

அந்த வருசத் தீபாவளியன்று விடிந்ததும் பக்கத்து வீட்டில் லட்சுமி வெடி வெடித்தார்கள். சண்முகவேல் பாய்ந்து வந்து மனைவியையும் மகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் குறுக்கே படுத்துக்கொண்டார். உடம்பெல்லாம் நடுங்கியது. என்னவென்று கேட்டதற்கு “ஒண்ணுமில்ல” என்றார். பத்து மணிக்கு எழுந்து, குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஊருக்குள் மிட்டாய் கொடுக்கப் போய்விட்டார். அன்றைக்கு மாரக்காளுக்கு அவர்மேல் வந்த இரக்கம் பன்னிரண்டு வருசம் தாங்கியது. இரக்கத்தை லேசாக நினைக்கக் கூடாது. அது ஆளை நன்றாகவே கட்டிப்போடும்.

பன்னிரண்டாவது வருசம் ஒரு நாள் கொதிக்கிற ரசச் சட்டியைத் தட்டிவிட்டார். அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோனது. கேட்டவர்களிடம் “ஆவி பட்டிருச்சுங்க” என்றாள். அதே வாரம் நர்மதாவுக்கு இரண்டாவது பிரசவம் ஆகி, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை ஜீவானந்தம் போன் செய்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, தாய் ஒத்தாசைக்குப் போகிறாள் என்றால் எவர் வாயும் அசையாது. கௌரவமாக வெளியேற அந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது. மாரக்காள் நல்ல சேலை நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் நின்றதால் பையைச் சண்முகவேலே தூக்கி வந்து ஏற்றிவிட்டார். பஸ் நகரும்போது “வாரேனுங்க” என்றாள். அதன் பிறகு அவள் அந்த ஊர்ப் பக்கம் போகவே இல்லை. பிறந்த பிள்ளை நடந்து, ஓடி, வாயாடவும் ஆரம்பித்துவிட்டது.

அஸ்தம்பட்டியில் அவள் வாழ்க்கை நன்றாகவே இருந்தது, சொல்லப்போனால் மிக நன்றாக. மகள் வீட்டுக்குக் கீழே தரைத் தளத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி. டோக்கன் கொடுக்க ஆள் வேண்டுமென்று டாக்டரம்மா கேட்டதும் ஒத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கன்னம் வீங்கி வருகிறவர்களை “உக்காருங்க சாமி, இதா கூப்புட்டுருவாங்க” என்று தேற்றுவாள். டீயைப் பாதி குடித்துவிட்டு மறந்துவிடுவாள். ஆறிய டீயைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்பது அவளுக்கு இரண்டு வருசமாகியும் சலிக்காத சந்தோசம்.

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம் டோக்கன் கொடுத்துக்கொண்டே இருந்தவள், பதினாலாம் நம்பரை நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சண்முகவேல். அவர் டோக்கனை வாங்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசை என்றால் அவருக்கு வரிசைதான். முன்னால் இருந்த ஆறு பேரும் உள்ளே போய் வருகிற வரைக்கும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மாரக்காள் ஒன்பதுக்கு அடுத்தது பதினொன்று என்று கூப்பிட்டு ஒரு கிழவரிடம் திட்டு வாங்கினாள்.

“பதினாலு” என்றதும் எழுந்து வந்து டோக்கனை மேசைமேல் வைத்தார். சுற்றிலும் ஆட்கள்.

“நல்லா இருக்கீங்களா?” என்றார்.

அவள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள், வேறு யாரையோ கேட்கிறார் என்று. சுவர்தான் இருந்தது. முப்பது வருசத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் ‘ங்க’ அது.

“இருக்கறேனுங்க” என்றாள்.

உறையிலிருந்து அழைப்பிதழை எடுத்து வைத்தார். கார்கில் வெற்றி நாளன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாராட்டு விழா. ‘தம்பதி சமேதராக’ என்று அச்சடித்திருந்தது.

“நீங்க வந்தாத்தான் நல்லா இருக்குமுங்க. ஊருல கேக்கறாங்க. வாரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்கன்னு சொல்லிட்டு இருக்கறேன்.” அழைப்பிதழை அவள் பக்கம் நகர்த்தினார். “வாரேன்னுதானே சொன்னீங்க, பஸ் ஏறறப்ப? சாயங்கால பஸ்ஸ நித்தம் நின்னு பாத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போறேன்.”

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “போறப்ப எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க. போறேன்னு சொல்லப்படாதில்லீங்களா. அது வாய்ப் பழக்கமுங்க.”

சண்முகவேல் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: “பொன்னனும் அப்படித்தானுங்க சொன்னான். கார்கில்ல எங்கூட இருந்த மோகனூர்ப் பையன். வாரேண்ணான்னு சொல்லிட்டு மலமேல ஏறுனான். நானு அவனுக்கு டீய மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.”

பொன்னன் என்ற பெயரை அவள் அன்றுவரை கேட்டதில்லை. மனசு இளகிவிட்டது. அவளும் மனுசிதானே, இளகாமல் என்ன செய்யும்? பழையபடி அந்த வீட்டுக்கே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அப்படித் தோன்றியதே அவளுக்குப் பயமாகவும் இருந்தது. அதற்குள் பதினஞ்சாம் நம்பர்க்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேசையைத் தட்டினார். விழாவுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

சொன்னபடி போனாள். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு ஒரு பொன்னாடை, அவளுக்கு ஒன்று. தலைமையாசிரியை இருவரையும் பார்த்து தம்பதி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசினார், பிள்ளைகள் கை தட்டினார்கள். சண்முகவேல் “பாத்து இறங்குங்க” என்று படியில் கை கொடுத்தார். அந்தக் கை அவளுக்குப் பிடித்திருந்தது. இப்படியே இருந்துவிடுவார் என்றால் இருந்துவிடலாமே என்று நினைத்துக்கொண்டே அவருக்குப் பின்னால் வீடு வரைக்கும் நடந்தாள்.

வீடு பெருக்கித் துடைத்து, அவள் விட்டுப்போன மாதிரியே இருந்தது. சண்முகவேல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவள் நிலைப்படியில் நின்றாள்.

“அங்க நின்னு என்ன வேடிக்க பாக்கற? தண்ணி எடுத்தா” என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் அவருக்கு வாய் அப்படித்தான் வரும். மாரக்காள் உள்ளே போய், அவருடைய தம்ளரில் தண்ணீர் மொண்டு, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அழுகை வரவில்லை, பசிதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சண்முகவேலும் வந்து சேர்ந்தார். நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றதால் பையைக் கையில் வாங்கிக்கொண்டார். கைலாசமும் அங்கேதான் இருந்தார். நாமக்கல் பஸ் வந்தது.

“இனி எப்ப வாரீங்க?” என்று கேட்டார் சண்முகவேல்.

வழக்கமான சொல் மாரக்காளின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

“வரமாட்டேனுங்க” என்றாள். “நீங்க வேண்ணா அங்க வந்து பாருங்க.”

நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. கைலாசம் துண்டை எடுத்தவர் உதறாமல் கையிலேயே வைத்திருந்தார். சண்முகவேலின் முகம் இறுகியது, பிறகு சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார்.

“சரிங்க” என்றார். பையை ஏற்றிவிட்டார்.

இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை மிலிட்டரி கேன்டீனுக்குச் சேலம் வரும்போது பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பேரப்பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கி வருகிறார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து மாரக்காளோடு டீ குடிக்கிறார், நோயாளிகளை நம்பர்படி உட்கார வைக்கிறார், எப்போதாவது பொன்னனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறார். அவர் வருகிற நாளில் அவள் கொஞ்சம் நல்ல சேலையாகத்தான் கட்டுகிறாள். அதை ஒளிக்கவும் இல்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நர்மதா ஒரு நாள் கேட்டாள்: “அப்பா மாறிட்டாராம்மா?”

“எங்க சாமி மாறுனாரு?” என்றாள் மாரக்காள். “நாலு பேரு இருக்கற எடத்துல அவரு எப்பவுமே நல்லவருதான். அதனால நாலு பேரு இருக்கற எடத்துலயே நானு இருந்துக்கறேன்.”